கண்டிக்கோட்டை: பள்ளத்தாக்குக்கு முழு மார்க், கூடாரத்துக்குப் பூஜ்யம்

ஆந்திராவில் பென்னா ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கிற பழைய கோட்டை, கண்டிக்கோட்டை. நகரியிலிருந்து மச்சான் காரில் கடப்பா, ஜம்மலமடுகு வழியாகப் போனோம், பிள்ளைகளோடு ஐந்து பேர். ரயிலில் போகிறவர்கள் ரேணிகுண்டாவில் ஏறி முத்தனூரில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

முதலில் ஒன்று. எல்லாரும் இந்தப் பள்ளத்தாக்கை ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்கிறார்கள். அமெரிக்காக்காரர்களுடையது ஒரு மைலுக்கு மேல் ஆழம், இது சுமார் 300 அடி. அந்தக் கணக்கோடு போனால் பாவம் பென்னா ஆறு என்ன செய்யும்! நந்தி மலையில் பிறந்து நெல்லூர்ப் பக்கம் கடலுக்குப் போகிற ஆறு, வழியில் எர்ரமலையை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. எர்ர என்றால் சிவப்பு, எங்கள் எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பொழுது விடியும்போது அந்தப் பாறையைப் பார்த்த பிறகுதான் பெயர் வைத்தவன் மேல் எனக்கு மரியாதையே வந்தது.

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் விளிம்புக்குப் போய்விடுங்கள். நாங்கள் உட்கார்ந்த இடத்தில் கம்பி வேலி கிடையாது. பாறைகள் யாரோ செங்கல் அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன, இடையில் கால் நுழைகிற அளவு இடுக்கு. அதனால் செருப்போடு போகாதீர்கள், பிடிமானமுள்ள ஷூ வேண்டும். சின்னவளை ஒரு கையில் பிடித்தபடியே வெயில் எதிர்ச் சுவரில் மெல்ல இறங்குவதைப் பார்த்தேன், கருஞ்சிவப்பு செங்காவியாகி, பிறகு மஞ்சளாகி, கடைசியில்தான் அடியில் தண்ணீர் இருப்பதே தெரிந்தது. செல்ஃபி எடுக்க நுனிக்குப் போன பையன்களை ஒரு பாட்டி தெலுங்கில் திட்டித் தீர்த்தார், எனக்கும் சேர்த்துத் திட்டியது போல நிம்மதி.

கோட்டைக்குள் மாதவராய சுவாமி கோயில், ஜும்மா மசூதி, தானியக் களஞ்சியம் எல்லாம் நடக்கிற தூரம்தான். கோயிலில் மூலவர் இல்லை, பூஜையும் இல்லை. கோபுரம் மட்டும் ஜம்மென்று நிற்கிறது. தொல்லியல் துறை காக்கிற இடம், அப்படியும் தூணில் காதலி பெயரைக் கீறிவைக்கிறார்கள்.

இப்போது கூடாரம். முன்பணம் வாங்கும்போது ‘சாப்பாடு, கேம்ப் ஃபயர் எல்லாம் சேர்த்து’ என்றார்கள். கிடைத்தது ஆறிப்போன புலாவ், நாற்பது பேருக்கு ஒரே கழிப்பறை, ராத்திரி ஒரு மணி வரை ஸ்பீக்கர். நட்சத்திரம் பார்க்கத்தானய்யா வந்தோம்! கேட்டால், மற்ற கஸ்டமர்கள் கேட்கிறார்களாம். அடுத்த முறை சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதியிலோ ஜம்மலமடுகிலோ அறை எடுத்துவிட்டு விடியலுக்கு மட்டும் மேலே ஏறுவேன்.

மாதம் என்று கேட்டால் நவம்பரிலிருந்து ஜனவரி. மார்ச்சுக்கு மேல் ராயலசீமை வெயில் பாறையில் தோசை சுடும், ஒதுங்க மரமும் அதிகமில்லை. தண்ணீர் தலைக்கு இரண்டு லிட்டராவது கையில் இருக்கட்டும்.

திரும்பும் வழியில் ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிப் புலுசும் சாப்பிட்டோம். நம்ம ஊர்க் களிதான், ஆனால் அந்தப் புலுசுக் காரத்துக்கு மச்சான் கண் கலங்கினார், கலங்கியபடியே இன்னொரு உருண்டை கேட்டார்.