பம்பைக் கூட்டிய பின் 110,000 கிலோமீற்றர்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, புதிய லொறி வாங்கும் எண்ணத்தோடு இருந்த எங்களைப் போன்றவர்களுக்குப் பழையதைப் பலப்படுத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எங்களிடம் இருப்பது 3.9 லீற்றர் டர்போ டீசல் எஞ்சின் பூட்டிய மிட்சுபிஷி கன்டர் லொறி. வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றுவதுதான் டர்போ. கொட்பேயில் மீனும் குச்சவெளியில் கருவாடும் ஏற்றி, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டியில் இறக்கி, பின் நுவரெலியாவுக்கு ஏறி மரக்கறியோடு திருகோணமலைக்குத் திரும்புவது லொறியின் வேலை. தம்புள்ளை வரை தரை பெரும்பாலும் மட்டம். நுவரெலியாவுக்கு ஏறும் வழியிலுள்ள றம்பொடை வளைவுகளிலோ பின்னால் வரும் பஸ்காரர்கள் ஹோன் அடித்தே எங்களை ஏற்றிவிடுவார்கள். எனவே 2021 தொடக்கத்தில், டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஒன்றைப் பொருத்தி, இன்ஜெக்டர் பம்பில் டீசல் அளவைக் கூட்டினோம். டீசல் கூடியதும் டர்போவின் அழுத்தமும் தானாகவே உயர்ந்தது.

இழுவை கூடியது உண்மை. ஆனால் அன்றிலிருந்து நான் பராமரிப்பது எஞ்சினை என்பதைவிட அதன் சூட்டை என்றே சொல்ல வேண்டும். டீசல் எஞ்சினில் உள்ளே வரும் காற்று எரிக்கக்கூடிய அளவை மீறி டீசல் சென்றால், மிஞ்சியது கரும்புகையாகவும், புகைக்குழாயில் ஏறும் வெப்பமாகவும் வெளியேறுகிறது. டர்போவுக்கு முன்னால், எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுவரும் எக்ஸோஸ்ட் மனிபோல்டில் துளையிட்டு ஒரு வெப்பமானியைப் பொருத்தியிருக்கிறோம். ஏற்றத்தில் தொடர்ந்து 700 பாகை செல்சியஸைத் தாண்டவிடுவதில்லை என்பது எங்கள் எல்லை. இந்த மீற்றரை நாங்கள் பூட்டியது பம்பைக் கூட்டி ஐந்து மாதங்களுக்குப் பிறகு. அந்த ஐந்து மாதமும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறோம் என்பது முதல் தடவை முள் ஏறியதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. நான்காம் கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது 720ஐத் தொட்ட முள், மூன்றுக்கு இறக்கிச் சுற்றைக் கூட்டி மிதியைச் சற்றுத் தளர்த்தியதும் ஒரு நிமிடத்துக்குள் 620க்கு வந்தது. வேகத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி திருகோணமலையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே மிதிக்கு அங்கே முள் இன்னும் மேலே நிற்கும்.

டர்போவை ஒரு தடவை இழந்தோம், அது எங்கள் அவசரத்தால் வந்தது. ஏற்றம் முடிந்த இடத்தில் தேநீர்க் கடையைக் கண்டதும் சாரதி எஞ்சினை உடனே நிறுத்துவது வழக்கமாகியிருந்தது. நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு எஞ்சின் ஒயிலின் மேல்தான் மிதக்கிறது. எஞ்சின் நின்றால் ஒயில் ஓட்டமும் நிற்க, சூடேறிய உடலுக்குள் தேங்கிய ஒயில் கருகிப் படிகிறது. திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு கராஜில் கழற்றியபோது, ஒயில் வரும் மெல்லிய குழாயின் வாய் அடிப்பிடித்த சட்டி போலக் கருகி, கம்பி நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. பாஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "தம்பி, நீங்க ரீ குடிக்கிறதுக்கு முதல் அதுக்கு ரெண்டு நிமிசம் குடுங்கோ" என்றார். இப்போது வெப்பமானி 200க்குக் கீழே இறங்கும் வரை, மிதியைத் தொடாமல் எஞ்சினை வெறுமையில் ஓடவிட்ட பிறகே சாவியைத் திருப்புகிறோம்.

மூன்றாம் ஆண்டில் லொறி இழுவையின்றிக் கரும்புகை கக்கத் தொடங்கியது. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்துச் செலவழித்த பிறகுதான் உண்மையான காரணம் தெரிந்தது. இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் றப்பர் குழாயின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்கு ஒட்டினாற்போல ஒரு விரல்நீள வெடிப்பு. எஞ்சின் வெறுமையில் ஓடும்போது அது மூடியே இருக்கும். அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறந்து காற்றை விட்டுவிடும். குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கொம்பிரசர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஏற்றி, சவர்க்காரத் தண்ணீர் பூசியபோது நுரை பொங்கி இடத்தைக் காட்டிக் கொடுத்தது. இழுவை குறைந்தால் நான் இப்போது முதலில் தேடுவது சவர்க்காரக் கட்டியைத்தான்.

ஒயிலை 10,000 கிலோமீற்றருக்குப் பதிலாக 5,000க்கு ஒருமுறை பில்டரோடு சேர்த்து மாற்றுகிறோம்; டர்போ டீசலுக்குரிய 15டபிள்யூ-40 தர ஒயில் போதும். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் குளிரூட்டலைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். றேடியேற்றருக்கு முன்னால் இன்டர்கூலர் வந்து உட்கார்ந்துவிட்டதால், பின்னால் செல்லும் காற்று ஏற்கனவே குறைந்திருக்கிறது. உப்புக்காற்றும் பூச்சிகளும் அந்த மெல்லிய தகடுகளை அடைத்தால் எஞ்சின் சூடேற அதிக நேரம் ஆகாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை நன்னீரை, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெதுவான அழுத்தத்தில் அடிக்கிறோம். பிரஷர் வோஷர் தகடுகளை மடக்கிவிடும். உள்ளே கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டோம். உவர்நீர் விட்ட வெண்படிவைக் கழுவி எடுக்கவே ஒரு நாள் போனது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பரலில் சேமித்து வைத்த டீசலை ஊற்றினோம். அடியில் தண்ணீர் இருந்தது. இரண்டு இன்ஜெக்டர் முனைகள் போய்விட்டன. இன்று நீர்பிரிப்பியைக் கிழமைக்கு ஒருமுறை திறந்து வடிப்பது அந்தச் செலவின் நினைவாக.

கிளச் தட்டு 70,000இலேயே முடிந்தது. கூடிய இழுவைக்கு அது வரி. ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்கு முன் பம்பைக் குறைத்து, சான்றிதழ் கிடைத்த பின் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கூட்டிய அளவையே பம்பின் திருகில் கால் சுற்றுக் குறைத்து நிரந்தரமாக வைத்துவிட்டோம், ஏற்றத்தில் இழந்தது மிகச் சிறிது. மைத்துனரும் தன் லொறிக்கு இதையே செய்யப் போகிறார். வெப்பமானியை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைப் பூட்டி, ஒருமுறை றம்பொடை ஏறி இறங்கிய பிறகே பம்பில் கை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.