சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கிடைக்கும் போலரைசர் தாள்: வாங்கலாமா?

போலரைசர் தாள் என்பது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் பிளாஸ்டிக் தாள். எழுதுபொருள் கடையில் விற்கும் இந்த மூன்று தாள் கட்டு, தமிழ்ப்பள்ளி அறிவியல் மூலைக்குத் தாராளமாகத் தேறும். முதலில் இருபுறப் பாதுகாப்புப் படலத்தை உரித்துவிடுங்கள். உரிக்காவிட்டால் வண்ணத் திட்டுகள் தெரிந்து, தாளே மோசமென்று தோன்றும். இரண்டு தாள்களை 90 பாகையில் குறுக்காக வைத்தால் வெளிச்சம் ஏறக்குறைய அணைகிறது. மங்கலான கருநீலக் கசிவு மட்டும் மிஞ்சும். மலிவுத் தாளுக்கு அது இயல்பே.

மூன்றாவதை நடுவில் 45 பாகையில் செருகுங்கள். அணைந்த வெளிச்சம் திரும்பி வருகிறது! குறையற்ற தாளானால் விளக்கொளியில் 8-இல் 1 பங்கு வரும். ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) ஒவ்வொன்றாக அனுப்பினாலும் இதே கணக்குதான்: 45 பாகையில் கடக்கும் வாய்ப்பு பாதி, கடந்தது புதிய திசையை ஏற்கிறது. லேசர் பேனா வேண்டாம், அதன் ஒளி பெரும்பாலும் முன்பே தளவிளைவுற்றது, அதாவது ஒரே திசையில் அதிர்வது. டார்ச்லைட் போதும்.

தாளில் அச்சுக் குறி, அதாவது எந்தத் திசை அதிர்வைக் கடக்கவிடும் என்று காட்டும் குறி, இல்லாதது பெரிய குறை. ஈரத் தரையின் பளபளப்பைச் சாய்வாகப் பார்த்துத் தாளைச் சுழற்றுங்கள். பளபளப்பு மிகவும் மங்கும்போது அச்சு செங்குத்தாக நிற்கும், பேனாவால் குறித்துக்கொள்ளலாம். அயோடின் ஏற்றிய தாள் நம்மூர் ஈரப்பதத்தில் வெளிறும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.