ஜன்னலில் நிற்கும் புருனெல்லோவை வாங்காதீர்கள்

இத்தாலியில் நல்ல ஒயின் வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். புளோரன்ஸில் ஒரு கடையில் நானும் மனைவியும் புருனெல்லோ என்ற சிவப்பு ஒயின் பாட்டிலுக்கு 190 யூரோவைக் கொட்டிக் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதைவிட, அப்படிப்பட்ட ஒயினைப் பாழாக்கிக் கையில் கொடுத்தார்களே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

ஜூலையில் மொந்தால்சீனோ போயிருந்தோம். குன்றின் மேல் சின்ன ஊர், புருனெல்லோ பிறந்த இடம். அங்கே பியோந்தி சாந்தி நிறுவனத்தின் புருனெல்லோ, 2016 திராட்சை அறுவடை, ஆளுக்கொரு கிளாஸ் குடித்தோம். ஊருக்கு வெளியே உள்ள கிரெப்போ தோட்டத்து ஒயின். சாஞ்சோவேசே திராட்சையை மட்டும் வைத்து ஃபெருச்சோ பியோந்தி சாந்தி அங்கே செய்த 1888ஆம் வருட ஒயினின் பேச்சு இன்றும் ஓயவில்லை. கிளாஸுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியும் அளவுக்கு மெல்லிய சிவப்பு. செர்ரி மணம், காய்ந்த ஆரஞ்சுத் தோல் மணம். முதலில் புளிப்பு, அப்புறம் நாக்கின் ஓரங்களில் ஒரு துவர்ப்பு. அது அடங்கும்வரை இருவரும் பேசவே இல்லை.

கல்யாண நாளுக்கு இதே ஒயின்தான் என்று முடிவு செய்துவிட்டோம். மறுநாள் புளோரன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில், வெயில் விழும் ஜன்னலில், அதே வருடத்துப் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் எண்ணுடன் அரசு முத்திரைச் சீட்டு இருந்ததால் போலி இல்லை என்று நம்பி வாங்கினேன். கையில் எடுத்தபோது பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அங்கேயே திருப்பி வைத்திருக்க வேண்டும்.

செப்டம்பரில், மிலானில் எங்கள் வீட்டில் திறந்தோம். கார்க்கை மூடியிருந்த மேலுறையை வெட்டியதும் கத்தி பிசுபிசுத்தது. கார்க் பாட்டிலின் வாய்க்கு மேல் ஒரு நூல் அளவு எழும்பி, பக்கவாட்டில் அடியிலிருந்து நுனிவரை சிவப்புக் கோடு ஓடியிருந்தது. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும். அந்த இடுக்கில் ஒயின் கசியும், காற்று புகும். நிறுத்தியே வைத்தால் கார்க் காய்ந்தும் போகும். கிளாஸில் ஊற்றினால் ஓரமெல்லாம் பழுப்பு. வேகவைத்த பிளம்ஸ் வாடை. செர்ரியும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டாள்.

கடைக்கு போன் செய்தேன். "பழைய ஒயின் அப்படித்தான் இருக்கும்" என்றார் கடைக்காரர். எது பழசு? அறுவடைக்குப் பின் ஐந்தாம் வருடம் ஜனவரிக்கு முன்னால் புருனெல்லோவை விற்கவே கூடாது என்பது விதி. பல பத்தாண்டுகள் தாங்குகிற ஒயினுக்கு 2016 இளம் வயது. "திறந்த பாட்டிலைத் திரும்ப எடுப்பதில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கோபத்தில் மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கெட்டுப்போனது தெரிந்ததும் கார்க்கால் மூடி, படம் எடுத்து, ஒயினின் வருடம் போட்ட ரசீதோடு பாட்டிலை அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். வாங்கும்போது ஜன்னல் பாட்டில் வேண்டாம், உள்ளே குளிர்ச்சியாகப் படுக்க வைத்திருப்பதைக் கொடுங்கள் என்று கேளுங்கள். மேலுறைக்குக் கீழே கசிவு இருக்கிறதா, ஒயின் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 'உள்ளே இல்லை' என்றால் வந்துவிடுங்கள்.

போன வாரம் புளோரன்ஸ் போன நண்பரிடம் அந்தக் கடையைப் பார்த்துவரச் சொன்னேன். அதே ஜன்னலில் இன்னும் மூன்று பாட்டில் நிற்கிறதாம்.