சொட்டுநீர்ப் பாசன மானியம்: ஒரு மல்லிகைத் தோட்டத்து மதிப்பீடு

மத்திய அரசின் நிதியோடு தன் பங்கையும் சேர்த்து, தமிழக அரசு சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தருகிறது. உசிலம்பட்டிப் பக்கம் கிணற்றை நம்பி மல்லிகை வளர்க்கும் நாங்கள் இம்மானியத்தில்தான் குழாய் பதித்தோம்.

பண விஷயத்தில் குறை சொல்ல இடமில்லை. ஐந்து ஏக்கருக்கு மேற்படாத நிலமுடையவர்கள் தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் நகல் ஆகியவற்றோடு பதிவு செய்தால் கைக்காசு செலவில்லாமல் வேலை முடிகிறது. வாய்க்கால் கட்டிப் பாய்ச்சிய நாளில் பாதித் தோட்டம் நனைவதற்குள் கிணறு வற்றிவிடும். இன்று அதே ஊற்று கடைசி வரிசைச் செடி வரைக்கும் போதுமானதாக இருக்கிறது. பாத்தியில் களையும் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் குழாய் பதித்துக் கொடுத்த நிறுவனத்தின் சேவை திருப்தியாக இல்லை. எங்கள் கிணற்று நீர் உப்புத்தன்மை உடையது என்பதால், நாளடைவில் செடிக்குச் செடி நீரைச் சொட்டவிடும் சொட்டுவான்களின் வாயில் வெள்ளையாகப் படிவு கட்டி, சில செடிகளுக்கு நீர் அறவே நின்றுபோயிற்று. பலமுறை தொலைபேசியில் அழைத்தும் யாரும் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்தான் வந்து, பக்கக் குழாய்களின் கடைமுடிச்சை அவிழ்த்துவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னார். முதலில் சேறாகக் குழம்பி வந்த நீர் சற்று நேரத்தில் தெளிந்தது. வடிகட்டியை அடிக்கடி கழுவுவது, உப்புப் படிவைக் கரைக்க அமில நீரை அளவறிந்து செலுத்துவது ஆகியவற்றையும் அவரே கற்றுக்கொடுத்தார். நிறுவனத்தார் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவை இவை.

மானியத் தொகை நேரே நிறுவனத்துக்குப் போய்விடுவதால், பணி முடிந்ததென்று விவசாயி போடும் கையெழுத்துத்தான் அவர் கையில் இருக்கும் ஒரே பிடிமானம். அதே நிலத்துக்கு மீண்டும் மானியம் கேட்க ஏழு ஆண்டுகள் கழிய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே மோட்டாரை ஓடவிட்டு, முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் ஒரே நேரம் டம்ளர் வைத்து, இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் விழுவதைக் கண்ட பிறகே கையெழுத்திடுங்கள். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை விவசாயிக்கே உண்டு. விண்ணப்பத்தில் பெயரைக் குறிக்குமுன், அந்நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் குழாய் பதித்த தோட்டம் ஒன்றுக்கு நேரில் சென்று விசாரித்துவிடுங்கள்.