தொடுதிரையில் அதிர்வு: ஓராண்டுக்கு மேற்பட்ட பயன்பாட்டு அனுபவம்

வீட்டு விளக்குகளையும் தண்ணீர் மோட்டாரையும் இயக்குவதற்காக ஈஎஸ்பி32 என்னும் சிறு கணிப்பலகையையும் ஐஎல்ஐ9341 தொடுதிரையையும் கொண்டு நான் அமைத்த சுவர்ப்பெட்டியில், தொடுகையை விரலுக்கு உணர்த்தும் அதிர்வைச் சேர்த்து ஓராண்டுக்கு மேலாகிறது. அழுத்தத்தால் இயங்கும் இவ்வகைத் திரையில் தொட்டது பதிவானதா என்ற ஐயம் எப்போதும் எழும். ஐயத்தில் மறுமுறை தொட்டால் ஓடத் தொடங்கிய மோட்டார் நின்றுவிடும் என்பதால், இங்கே அதிர்வு மிகத் தேவையாகிறது.

தொடக்கத்தில் 10 மி.மீ. விட்டமுள்ள நாணய வடிவ அதிர்வு மோட்டாரை ஒரு டிரான்சிஸ்டர், ஒரு டயோடு ஆகியவற்றின் வழியே இணைத்தேன். மையம் விலகிய எடையைச் சுழற்றி அதிரும் இந்த மோட்டார் வேகம் பிடிக்கப் பல பத்து மில்லிவினாடிகள் ஆகின்றன. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது சற்றுச் சுழல்கிறது. அதனால் பொத்தான் அழுந்தும் உணர்வு கிடைக்காமல், மந்தமான உறுமலே விரலுக்கு எட்டுகிறது.

இதற்குத் தீர்வாக அமைந்தவை, எடையை முன்னும் பின்னும் ஆட்டும் நேர்கோட்டு அதிர்வியும் அதை இயக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஆர்வி2605எல் சில்லும் ஆகும். அதிர்வியில் சுருள்வில்லில் தொங்கும் எடை தன் இயல்பு அதிர்வெண்ணில் மட்டுமே நன்றாக ஆடும். சந்தையில் கிடைப்பவற்றில் பல 175 அல்லது 235 ஹெர்ட்ஸ் கொண்டவை. அதிர்வி திருப்பித் தரும் மின்னழுத்தத்தைக் கொண்டு அந்த அதிர்வெண்ணைச் சில்லே கண்டறிந்து பின்தொடர்வதுடன், முடியும் தருணத்தில் எதிர்த்திசையில் செலுத்தி எடையை நிறுத்தியும் விடுகிறது. அதிர்வின் தரம் வலிமையைவிட அது எவ்வளவு சட்டென்று ஓய்கிறது என்பதிலேயே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். சில்லில் 123 அதிர்வு விளைவுகள் நூலகங்களாக (தொகுப்புகளாக) பதிந்துள்ளன. நேர்கோட்டு அதிர்விக்கு நூலக எண் 6-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் அன்றாடம் பயன்படுத்துபவை அவற்றுள் இரண்டே.

நிரலில் வரிசை முக்கியம். 240-க்கு 320 புள்ளிகள் கொண்ட திரையை முழுவதும் மீண்டும் வரைய, புள்ளிக்கு இரண்டு பைட்டு வீதம் 1,53,600 பைட்டுகள் செல்ல வேண்டும். 40 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில்கூட அதற்கு ஏறத்தாழ 31 மில்லிவினாடிகள் ஆகும். ஆகவே தொடுகை பதிந்தவுடன் அதிர்வைத் தொடங்கிவிட்டு, அதன் பிறகே திரையை வரைய வேண்டும். தொடக்க ஆணை சென்றதும் மீதியைச் சில்லே பார்த்துக்கொள்ளும்.

பல சில்லுகளை ஒரே இரு கம்பிகளில் இணைக்கும் ஐ2சி தடத்தில் இந்தச் சில்லின் முகவரி ஹெக்ஸ் 5ஏ. அதை மாற்ற இயலாது. எம்எல்எக்ஸ்90614 வெப்ப உணரியின் தொடக்க முகவரியும் அதுவே என்பதை இரண்டையும் ஒன்றாக இணைக்க எண்ணுவோர் கவனிக்கவும்.

பொருத்தும் முறைக்குத்தான் அதிக நேரம் செலவிட்டேன், அது தகும். திரையைப் பெட்டியோடு இறுக்கித் திருகினால் அதிர்வைச் சுவர் விழுங்கி ஓசையாக்கிவிடுகிறது. மெல்லிய நுரைப்பட்டையின் மேல் திரையை அமர்த்தி, அதிர்வியைத் திரையின் பின்புறத்திலேயே ஒட்டிய பிறகு உணர்வு விரலுக்கு நேராக வந்தது. ஒட்டுநாடாவையும் மயிரிழை போன்ற கம்பிகளையும் அவ்வப்போது சரிபார்ப்பது நல்லது. சுழல் மோட்டாரில் தேயும் தூரிகைகள் இதில் இல்லாததால், உணர்வில் இதுவரை நான் மாற்றம் எதையும் காணவில்லை.

இப்போது தொட்டதும் ஒரு சிறு துடிப்பும், மின்னிணைப்பைத் தரும் ரிலே இணைந்ததை உணரி உறுதிசெய்ததும் இரட்டைத் துடிப்பும் வருமாறு வைத்திருக்கிறேன். எச்சரிக்கைக்கு மட்டும் அதிர்வு வேண்டுவோருக்கு நாணய மோட்டாரே போதும். பொத்தானுக்குரிய உணர்வை நாடுவோர் இந்தச் சில்லுக்குச் செலவிடலாம்.