ஸ்பாட் புல்லர் மெஷின் வாங்கலாமா? கிருஷ்ணகிரி டிங்கர் சொல்வது

கிருஷ்ணகிரியில் சேலம் ரோட்டோரம் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தர்மபுரி பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வரும்போதெல்லாம் மூலையில் நிற்கும் ஸ்பாட் புல்லரை, அதாவது வண்டித் தகட்டில் விழுந்த குழியை இழுத்து எடுக்கும் மெஷினைக் காட்டி, "அண்ணா, இது தேறுமா, சும்மா ஷோவுக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது. பிராண்ட் பெயர் சொல்லவில்லை. ஒரே பெட்டி நான்கைந்து ஸ்டிக்கரில் வருகிறது, ஸ்டிக்கரைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. என்னுடையது சிங்கிள் ஃபேஸ், தள்ளுவண்டியோடு 38,000 ரூபாய் ஆனது.

தேறும். ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கதவு, முன் ஃபெண்டர் என்றால் பின்னால் டாலியை, அதாவது கைக்கு அடங்கும் இரும்புக் கட்டியைக் கொடுத்து முன்னால் சுத்தியலால் தட்டி எடுத்துவிடலாம். பின் சக்கரத்தைச் சுற்றி வரும் பக்கவாட்டுத் தகடான குவார்ட்டர் பேனல், கதவுக்குக் கீழே ஓடும் படிப்பெட்டி, இதற்கெல்லாம் பின்னால் கை நுழையாது. முன்பு என்ன செய்வோம்? வரிசையாக ஓட்டை போட்டு, ஸ்க்ரூ ஏற்றி இழுத்து, ஓட்டையை கேஸ் வெல்டிங் வைத்து அடைத்து மேலே பட்டி பூசிவிடுவோம். வண்டி பளபளவென்று போகும். ஒன்றிரண்டு மழைக்காலம் போனதும் உள்பக்கம் ஈரம் பிடித்து, பட்டி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். இந்த மெஷினில் ஓட்டையே கிடையாது. குறைந்த வோல்ட்டில் பெரிய கரண்ட்டை கண் இமைக்கும் நேரம் விட்டு, வாஷரையோ நெளிகம்பியையோ தகட்டின் மேல் ஒட்ட வைக்கிறது. இழுத்த பிறகு ஒரு திருகு திருகினால் கழன்றுவிடும்.

ராயக்கோட்டையில் இருந்து ஒரு ஸ்விஃப்ட் வந்தது. தக்காளி ஏற்றிய பிக்கப் ரிவர்ஸில் இடித்து, குவார்ட்டர் பேனலில் வீல் வளைவுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் குழி, நடுவில் ஓடும் கோடும் மடங்கியிருந்தது. உள் ட்ரிம்மைக் கழற்றி வயரிங்கை ஒதுக்கி, பேட்டரி நெகட்டிவைப் பிடுங்கிவிட்டுத்தான் மெஷினைத் தொட்டோம். பெயிண்டை வெள்ளித் தகடு தெரியும் வரை எடுக்க வேண்டும். கொஞ்சம் ப்ரைமர் மிச்சம் இருந்தாலும் பொறி பறக்குமே தவிர வாஷர் ஒட்டாது. மடங்கிய கோட்டின் மேல் நெளிகம்பியை ஒட்டி, அதற்குள் கம்பி நுழைத்துப் பையன் நிதானமாக இழுத்துப் பிடிக்க, சுற்றி மேடு எழும்பியிருந்த இடத்தை நான் மெல்லத் தட்டினேன். நடுக்குழியில் ஆரம்பிக்கவே கூடாது. இடி கடைசியாக எங்கே போய் நின்றதோ, அந்த ஓரத்தில் இருந்து உள்ளே வர வேண்டும். இழுத்து முடித்தும் ஒரு இடம் அமுக்கினால் 'டொக்' என்று உள்ளே போய் வெளியே வந்தது, தகடு நீண்டுவிட்டது. கார்பன் முனையை மாட்டிச் சுருள் சுருளாகச் சூடு காட்டி, உடனே ஈரத்துணி வைத்ததும் இறுகியது. கையில் மெல்லிய துணியைப் போட்டுத் தடவிப் பார்த்தேன். பட்டி 2 மில்லிமீட்டருக்குள் அடங்கியது, 80 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து வழக்கம்போல் முடித்தோம்.

வண்டிக்காரர் முதலில், "ஏங்க, புது பேனலே போட்டுடலாமா?" என்றுதான் கேட்டார். குவார்ட்டர் பேனல் நட்டு போல்ட்டில் நிற்பதில்லை, கம்பெனி வெல்டிங்கை வெட்டி எடுக்க வேண்டும். அதோடு 5 வருடம் தாண்டிய வண்டிக்கு, தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் எடுக்காமல் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி இருந்தால், புதிதாக மாற்றும் இரும்புப் பாகத்தின் விலையில் 40 சதவீதத்தை தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். கணக்குப் போட்டுக் காட்டியதும் ரிப்பேருக்கே சம்மதித்தார். இந்த மாதிரி வேலை மாதத்தில் நான்கு வந்தாலே மெஷின் சும்மா நிற்காது.

குறைகளுக்கு வருவோம். கரண்ட் பெரிய தலைவலி. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் காலையில் நன்றாக ஒட்டிய அதே செட்டிங்கில் வாஷர் கையோடு வந்துவிடும். அதற்காக கரண்ட் விடும் நேரத்தைக் குறிக்கும் டைமரை ஏற்றி வைத்தால், மறுநாள் 0.7 மில்லிமீட்டர் தகட்டில் ஓட்டை விழும். தினமும் பழைய ஃபெண்டர் துண்டு ஒன்றில் சோதித்துவிட்டுத்தான் வண்டிக்குப் போகிறோம். கரண்ட் திரும்பிப் போக வண்டித் தகட்டைக் கவ்வும் எர்த் கிளாம்ப் ஒன்று கூடவே கொடுத்தார்கள், அது வெறும் தகரம், மேலே செம்பு முலாம். மாலைக்குள் தொட முடியாத சூடு. தூக்கிப்போட்டு நல்ல கிளாம்ப் மாட்டிய பிறகுதான் ஒட்டு ஒரே சீராக விழுந்தது.

விற்றவர் அலுமினியத்துக்கும் ஆகும் என்று கூசாமல் சொன்னார். ஆகாது. அலுமினியத்துக்கு சின்ன ஆணி மாதிரி ஸ்டட்டை ஒட்டி இழுக்கும் வேறு மெஷின் இருக்கிறது. விலை கூடிய வண்டி வந்தால் முதலில் பானட்டில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் மெஷினைத் தள்ளி வையுங்கள். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையே நிற்கும் நடுத்தூணில் கடினமான ஸ்டீல் போடுகிற வண்டிகள் இப்போது நிறைய, அங்கே சூடு காட்டினால் தகட்டின் பலமே போய்விடும். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் முட்டிய லாரி கேபினுக்கும் இது பொம்மைதான், அதற்குச் சங்கிலியும் ஹைட்ராலிக் ஜாக்கியும் வேண்டும்.

பலர் விட்டுவிடும் ஒரு வேலை உண்டு. வாஷர் ஒட்டிய ஒவ்வொரு இடத்திலும் தகட்டின் உள்பக்கம் பெயிண்டும் துத்தநாகப் பூச்சும் கருகியிருக்கும். நீண்ட குழாய் வைத்த ஸ்ப்ரேயால் உள்ளே துரு தடுப்பு மெழுகு அடிக்காமல் ட்ரிம்மை மூடினால், ஓட்டை போட்ட காலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பெட்ரோல் ஊற்றும் குழாய் அந்தப் பக்கம் இருந்தால் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மாம்பழ சீசனில் பிக்கப் வண்டிகள் வரிசையாக வரும். லோடு பாடித் தகடு தடிமன், அதை நான் இன்னும் சுத்தியலில்தான் எடுக்கிறேன். கேபின் கதவுக்கு மட்டும் மெஷின்.

வாங்கப் போகிறவர்கள் டெமோ கேளுங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் பளபள தகட்டில் யார் இழுத்தாலும் வரும். உங்கள் பட்டறையில் கிடக்கும் பழைய கதவு ஒன்றை எடுத்துப் போய், அரை மணி நேரம் விடாமல் அடிக்கச் சொல்லி, கேபிளைத் தொட்டுப் பாருங்கள். வாஷரும் செம்பு முனையும் தனியாக எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதையும் அப்போதே கேட்டு பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.