ஜப்பான் அரசுப் பள்ளியின் மதியச் சாப்பாடும் எடைச் சீட்டும்: ஒரு அம்மாவின் மதிப்பீடு

டோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் புதிதாகக் குடிவரும் நம் ஊர்க் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது, பிள்ளையைப் பள்ளிச் சாப்பாட்டில் சேர்க்கலாமா, வீட்டிலிருந்து டப்பா கட்டலாமா என்பதைத்தான். என் மகள் ஆறாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. இருவரும் அரசுத் தொடக்கப் பள்ளியில் கியூஷோகு எனும் பள்ளி மதியச் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார்கள். அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள்.

மாதா மாதம் உணவுப் பட்டியல் வீட்டுக்கு வந்துவிடும். எந்த நாளில் என்ன உணவு, எத்தனை கலோரி, எவ்வளவு புரதம் என்று எல்லாம் அதில் இருக்கும். 8, 9 வயதுக்கு 650 கிலோகலோரி, 10, 11 வயதுக்கு 780 என்பது கல்வி அமைச்சகத்தின் அளவு. ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு அது. கால்சியம் மட்டும் பாதித் தேவை இந்த ஒரு வேளையிலேயே கிடைக்க வேண்டும் என்பதால் தினமும் 200 மில்லி பால் உண்டு. சோறு, மிசோ சூப், சுட்ட மீன், கீரை என்று ஒரு நாள். கரே ரைஸ் என்னும் ஜப்பானியக் குழம்புச் சோறு இன்னொரு நாள். பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள். வகுப்பு ஆசிரியரும் கூடவே உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறார். சாப்பாடு வகுப்புக்குப் போகும் முன்னால் தலைமை ஆசிரியர் ருசி பார்த்தாக வேண்டும். வீட்டில் காய் என்றாலே முகம் சுளிக்கும் என் மகன், அங்கே கோபோ வேர்ப் பொரியலை இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடுகிறானாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சைவக் குடும்பங்களுக்குத்தான் சிரமம். சூப், குழம்பு எல்லாவற்றிலும் மீன் சாறு இருக்கும். ஒவ்வாமை என்றால் அக்கறையாகப் பார்ப்பார்கள். சைவத்துக்குத் தனிச் சமையலை எதிர்பார்க்க வேண்டாம். பேசினால் பெரும்பாலும் டப்பா கொண்டுவர விடுவார்கள்.

சரி, எடைக்கு வருவோம். பள்ளியில் உயரமும் எடையும் அளந்து வீட்டுக்கு ஒரு சீட்டு அனுப்புவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் உயரம், எடையை இந்த நாடு 1900 முதல் தொகுத்துவருகிறது. 2006 முதல் வயது, உயரம், ஆணா பெண்ணா என்று மூன்றையும் வைத்து, பிள்ளைக்கு இருக்க வேண்டிய எடையை, அதாவது 'தர எடை'யைக் கணக்கிடுகிறார்கள். அதைவிட 20 விழுக்காடு கூடினால் பருமன், 20 விழுக்காடு குறைந்தால் மெலிவு. 140 செ.மீ. உயரமுள்ள 10 வயதுப் பையனுக்குத் தர எடை சுமார் 35 கிலோ. 42ஐத் தொட்டால் ஒரு பட்டியல், 28க்குக் கீழே போனால் இன்னொரு பட்டியல்.

பருமனைப் பற்றி இங்கே எல்லோரும் பேசுகிறார்கள், காரணமும் இருக்கிறது. 2019இல் 10 வயதுப் பையன்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல் பருமன் பக்கம் இருந்தார்கள். 2020இல் அது 14 விழுக்காட்டைத் தாண்டியது. கொரோனாவால் அந்த ஆண்டு அளவெடுப்பு தள்ளிப்போனது, நேராக ஒப்பிடக் கூடாது என்பது உண்மைதான். ஆனாலும் 2021, 2022இல் 12க்குக் கீழே வரவில்லை. வெளியே ஓடி விளையாடாத பிள்ளைக்கு எடை ஏறும் என்பதை 2011 அணுஉலை விபத்துக்குப் பிறகு புகுஷிமாவிலேயே பார்த்தார்கள்.

மெலிவுதான் பேச்சில் வராமல் போகிறது. 12 வயதை ஒட்டிய பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சின்ன எண்ணிக்கைதானே என்று விட முடியவில்லை. இருபதுகளில் இருக்கும் ஜப்பானியப் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எடை குறைந்தவர்; 2025இல் ஜப்பான் பருமன் ஆய்வுச் சங்கமே இதைத் தனி நோய்க்குறியாக அறிவித்தது. அது இருபது வயதில் திடீரென்று வருவதில்லை.

என் மகள் 146 செ.மீ., 32 கிலோ. தர எடையைவிட 17 விழுக்காடு குறைவு. 20ஐத் தொடவில்லை என்பதால் பள்ளி அனுப்பிய சீட்டில் இரண்டு எண்கள் மட்டும் இருந்தன, ஒரு சொல்கூட இல்லை. சாப்பிடத் தொடங்கும் முன் வேண்டாத அளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. தோழிகளோடு சேர்ந்து இவளும் தினமும் சோற்றைக் குறைத்திருக்கிறாள். பள்ளிச் சாப்பாடு 780 கிலோகலோரி என்று பட்டியலில் இருந்தால் போதுமா? தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்று வீட்டுக்கு யாரும் சொல்வதில்லை. இந்தச் சேவையில் எனக்குப் பெரிய குறை இதுதான்.

மருத்துவ அறை ஆசிரியையிடம் போய், வயதோடு உயரமும் எடையும் எப்படி ஏறுகின்றன என்று காட்டும் வளர்ச்சிக் கோட்டுப் படம் கேட்டேன். 2016 முதல் இதைப் பயன்படுத்தும்படி பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் உண்டு. அவர் கணினியில் உடனே போட்டுக் காட்டினார். உயரம் தன் கோட்டிலேயே ஏறியிருந்தது. நாலாம் வகுப்பில் நடுக்கோட்டை ஒட்டியிருந்த எடை, இரண்டு கோடுகள் கீழே இறங்கியிருந்தது. ஒரு நிமிடத்தில் தெரிகிற விஷயம். இதைச் சீட்டோடு எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பக் கூடாதா?

அதனால் சாப்பாட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, எடைச் சீட்டுக்கு இரண்டு. பிள்ளை குண்டோ ஒல்லியோ, "செய்ச்சோ க்யோகுசென்" (அந்த வளர்ச்சிக் கோட்டுப் படம்தான்) வேண்டும் என்று கேளுங்கள், தருவார்கள். ஜூலை 20 வாக்கில் கோடை விடுமுறை தொடங்கினால் பள்ளிச் சாப்பாடும் நின்றுவிடும், அதற்கு முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.